திரையில் வராத கடதாசி

(திருகோணமலைத் துறைமுகப் பகுதியில், கடனைப்பற்றிய விவரணப் படங்கள் சில காட்டப்பட்டதன் முடிவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடன் என்றால் என்னவென்று இம்மாவட்டத்து மக்களுக்குப் படம் போட்டுக் காட்டவேண்டிய அவசியம் ஏதுமில்லை. விதைப்புக்குக் காப்பை அடகு வைத்து, அறுவடைக்குப் பின் மீட்டு, அடுத்த விதைப்புக்கு அதே காப்பை அதே கடையில் மீண்டும் வைத்துவரும் தம்பலகாமத்து உழவனுக்கு அது தெரியாததன்று. வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் வாங்கிய காரணத்தால், தான் பிடித்த மீனைத் தான் நினைத்த விலைக்கு விற்கமுடியாத கடற்றொழிலாளிக்கும் அது தெரியாததன்று. ஆயினும் நான்கு மாலைகளாக இவ்வூர் இளைஞர்கள் உலகின் பல பாகங்களில் எடுக்கப்பட்ட படங்களைத் தேடிக் கொண்டுவந்து வெண்டிரையிற் காட்டினார்கள். நாமும் உங்களோடு பின் வரிசையிலிருந்து பார்த்தோம். இன்று அவற்றைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று பணித்திருக்கிறார்கள்.

கலையைப்பற்றிப் பேசும் தகுதி எமக்கில்லை. நாம் நீதிமன்றங்களிற் காலங் கழித்தவர்கள். ஒருவர் எவ்வளவு உருக்கமாகக் கதை சொன்னாலும், "கடதாசி எங்கே?" என்று கேட்டுப் பழகியவர்கள். அந்தக் கேள்வியையே இந்தப் படங்களிடமும் கேட்கப் போகிறோம்.

முதல் மாலையிற் காட்டப்பட்டது 2008ஆம் ஆண்டில் பற்றிக் கிரீடன் என்பவர் எடுத்த 'ஐ.ஓ.யு.எஸ்.ஏ.' என்ற அமெரிக்கப் படம். அந்நாட்டின் தலைமைக் கணக்காய்வாளராயிருந்த டேவிட் வோக்கர் என்பவர் ஊரூராகச் சென்று, அரசாங்கம் வரவுக்கு மேல் செலவழிக்கிறது, பிறவாத பிள்ளைகளின் தலையிலும் கடனை ஏற்றுகிறது என்று எச்சரிப்பதே அப்படத்தின் முதுகெலும்பு. படம் முடிந்தபோது சபையிற் பலர் தலையாட்டியதைக் கண்டோம். நாமும் ஆட்டினோம். வரவு எட்டணா, செலவு பத்தணா என்றால் குடும்பம் தெருவில் நிற்கும். நாடும் அப்படித்தானே என்ற எண்ணம் எவருக்கும் இயல்பாக எழுவதே.

வீட்டுக்குப் போனபின் யோசித்தோம். குடும்பத் தலைவன் தன் ஆயுளுக்குள் கடனைக் கட்டவேண்டும். கட்டாவிட்டால் பிஸ்கால் வந்து வீட்டு வாசலில் நிற்பார். அரசாங்கத்துக்கு ஆயுள் இல்லை. பழைய கடனைப் புதிய கடனால் அடைக்கும், வரி விதிக்கும், தன் சொந்த நாணயத்தில் வாங்கிய கடனுக்கு நாணயத்தைத் தானே அச்சிடவும் வல்லது. அப்படம் வெளிவந்த ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் கடன் ஏறத்தாழப் பத்து இலட்சம் கோடி டொலர். 2024ஆம் ஆண்டின் இறுதியில் அது முப்பத்தாறு இலட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. ஆயினும் கடன் கொடுப்போர் வரிசையில் நின்றனர். காரணம், அந்நாடு கொடுக்கவேண்டியதும் டொலர், அச்சிடுவதும் டொலர். இது நன்றென்று நாம் சொல்ல வரவில்லை. குடும்ப உவமை உலகில் எந்த நாட்டுக்கு மிகக் குறைவாகப் பொருந்துமோ அந்த நாட்டைப்பற்றியே அப்படம் எடுக்கப்பட்டிருக்கிறது என்பதே எமது குறிப்பு.

அந்த உவமை எமக்குச் சற்று அதிகமாகப் பொருந்தும். இலங்கை மத்திய வங்கி ரூபாவை அச்சிடலாம். டொலரை அச்சிட முடியாது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா; மே மாதத்தில் 360 ரூபா. ஒரு சதமும் புதிதாக வாங்காமலே, ரூபாக் கணக்கில் எமது வெளிநாட்டுக் கடன் பெருகிப் போயிற்று. தன் வயலில் விளையாத நெல்லால் குத்தகை அளப்பதாக எழுதிக்கொடுத்தவனுடைய நிலைமை இதுவே.

ஆனால் இவ்விடத்தில்தான் நாம் நின்று நிதானிக்கவேண்டும். குடும்பத்திலே கடனை வாங்கியவனும் உண்டவனும் கட்டுபவனும் ஒரு கூரையின் கீழ் இருக்கின்றனர். நாட்டின் கடனில் அப்படியா? 2007ஆம் ஆண்டிலேதான் இலங்கை முதன்முதலாகப் பன்னாட்டுச் சந்தையில் இறைமைப் பிணைமுறி விற்றது. தொகை 50 கோடி டொலர், வட்டி 8.25 வீதம், தவணை ஐந்தாண்டு. அந்த வாசல் திறந்தபின் மூடப்படவில்லை. பதினைந்து ஆண்டுகளில் அவ்வாறான முறிகளின் நிலுவை சுமார் 1,255 கோடி டொலராயிற்று. அம்முறிகளிற் கையொப்பமிட்டவர்களை நீங்கள் அறிவீர்கள், வாங்கியவர்களை அறியமாட்டீர்கள்.

ஒரு திகதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். 2022ஆம் ஆண்டு ஜனவரி 18. அன்று முதிர்ந்த 50 கோடி டொலர் பிணைமுறியை அரசாங்கம் ஒரு சதமும் குறையாமல் செலுத்திற்று. அதே மாதத்தில் கொழும்புத் துறைமுகத்திலே, டொலர் இல்லாத காரணத்தால், உணவுப் பண்டங்கள் ஏற்றிய கொள்கலன்கள் விடுவிக்கப்படாமற் கிடந்தன. மார்ச் மாதத்தில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் மாணவர் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் நின்ற இடத்திலேயே மாண்டனர். எமது கரையிலே மண்ணெண்ணெய் இன்றித் தோணிகள் மணலில் ஏறின. ஏப்ரல் 12ஆம் திகதிதான் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவது நிறுத்தப்படுகிறது என்ற அறிவித்தல் வந்தது. அந்த வரிசைகளை எல்லாத் தொலைக்காட்சிகளும் படம் பிடித்தன. ஜனவரி 18ஆம் திகதியை எவர் படம் பிடித்தார்? அங்கே படம் பிடிப்பதற்கு என்ன இருந்தது? ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓர் இலக்கம் போயிற்று, அவ்வளவே.

இதுதான் இப்படங்களின் பெருங்குறை. கமரா கண்ணுக்குத் தெரிவதையே காட்டும். கடனோ கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே கடனைக் காட்டப் புறப்பட்டவர், கடன்பட்டவரின் முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறார். அல்லது கடனால் எழுந்த கட்டடத்தைக் காட்டிவிட்டுப் போகிறார்.

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் கடனைப்பற்றி அந்நிய நாட்டார் எடுத்த படங்களில் அத்துறைமுகம் வராத படம் அரிது. பாரந்தூக்கி, வெறுமையான மேடை, அந்திச் சூரியன். பின்னால் ஒரு குரல், "சீனாவின் கடனைக் கட்டமுடியாமல் துறைமுகம் பறிபோயிற்று" என்று கூறும். உண்மை என்ன? 2017ஆம் ஆண்டில் அத்துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சுமார் 112 கோடி டொலருக்குச் சீனக் கம்பனியொன்றுக்குக் கொடுக்கப்பட்டது. அப்பணத்தால் துறைமுகக் கடன் இரத்தாகவில்லை. அக்கடன் புத்தகத்தில் அப்படியே இருந்தது. வந்த டொலர் நாட்டின் ஒதுக்கத்தில் சேர்ந்து வேறு கடன்களின் நெருக்கடியைத் தணிக்க உதவிற்று. 2021 ஏப்ரல் முடிவில் எமது வெளிநாட்டுக் கடனைப்பற்றி வெளிவளங்கள் திணைக்களம் காட்டிய கணக்கிலே சந்தைக் கடன் 47 வீதம், ஆசிய அபிவிருத்தி வங்கி 13, சீனா 10, யப்பான் 10, உலக வங்கி 9, இந்தியா 2. அரச கூட்டுத்தாபனங்கள் பெற்றவற்றையும் சேர்த்தால் சீனாவின் பங்கு இருபது வீதத்தை நெருங்கும் என்பாரும் உளர். எப்படிப் பார்த்தாலும் பெரும் பங்கு சந்தைக்கே. சீனக் கடன் நற்கடன் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் நாற்பத்தேழு வீதத்தை விட்டுப் பத்து வீதத்தையே படம் காட்டுவது ஏன்? பிணைமுறிக்குப் பாரந்தூக்கியும் இல்லை, அந்திச் சூரியனும் இல்லை.

அம்பாந்தோட்டை தூரம். எமது துறைமுகத்துக்கே ஒரு படக்காரர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேறெங்கும் போகமாட்டார், நேரே சீனக்குடாவுக்குப் போவார். வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் தொண்ணூற்றொன்பது; அவற்றுட் பல காட்டுக்குள்ளே துருப்பிடித்து நிற்கின்றன. அவற்றைக் காட்டுவார். 2022 ஜனவரி 6ஆம் திகதி அவற்றைப்பற்றிய உடன்படிக்கைகள் ஒப்பமிடப்பட்டன: இந்திய எண்ணெய்க் கம்பனிக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு 61. பெப்ரவரி 2ஆம் திகதி எரிபொருள் வாங்குவதற்கு இந்தியா 50 கோடி டொலர் கடன் வசதி அளித்தது. ஒரு காட்சியிலே குதம், அடுத்த காட்சியிலே எரிபொருள் வரிசை. ஒரு வார்த்தை பேசாமலே படக்காரர் தீர்ப்பை எழுதிவிடுவார்.

நாம் அத்தீர்ப்புக்கு உடனே சம்மதிக்கமாட்டோம். ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தது என்பதனாலேயே ஒன்றால் மற்றது நிகழ்ந்தது என்று எந்த மன்றும் ஏற்காது. அக்குதங்களைப்பற்றி 1987ஆம் ஆண்டின் இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு மாற்றிக்கொண்ட கடிதங்களிலேயே பேச்சு இருக்கிறது; 2003ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாடு நடந்திருக்கிறது. டொலர்த் தட்டுப்பாடு பேனாவை விரைவுபடுத்தியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடிதப் போக்குவரத்தைக் காட்டுங்கள், பின்னர் தீர்ப்புக் கூறுவோம். குதங்களைப்பற்றி இம்மாவட்டத்து மக்களின் கருத்தை எவரும் கேட்டதாக நாம் அறியோம் என்பது மட்டும் கடதாசி இல்லாமலே சொல்லக்கூடியது.

இக்குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. எமது தீவைப்பற்றி எடுக்கப்பட்ட புகழ்பெற்ற விவரணப் படம் 'சோங் ஒஃப் சிலோன்'. 1934ஆம் ஆண்டிலே பசில் றைற் எடுத்தது. லயனல் வென்ற் குரல் கொடுத்தது. பணம் கொடுத்தவர்கள் யார்? தேயிலைப் பிரசார சபையார். படத்தின் ஒரு பகுதியில் வாணிபத்தின் குரல்கள் கேட்கின்றன: விலைகள், கப்பல்கள், கட்டளைகள். மிக அழகாக அமைந்த பகுதி அது. அழகில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்தத் தேயிலையைப் பறித்த தமிழ்த் தொழிலாளரின் கடனைப்பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

அந்தக் கடன் எப்படிப்பட்டது? மலையகத்திலிருந்து வந்து இம்மாவட்டத்திற் குடியேறிய பெரியவர்களைக் கேளுங்கள். தங்கள் பாட்டனார் சொன்னதைச் சொல்வார்கள். தொழிலாளி கப்பலேறும்போதே வழிச்செலவு, முற்பணம் என்று கங்காணியின் கணக்கில் கடன் ஏறிவிடும். தோட்டத்தை விட்டுப் போகவேண்டுமானால் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்: இவன் கடன் இவ்வளவு, இதைக் கட்டுபவர் இவனை அழைத்துச் செல்லலாம். அடுத்த தோட்டத்தார் அத்தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வர். மனிதன் கைமாறினான்; கடன் அவனோடு போயிற்று. 'துண்டு முறை' என்று இதற்குப் பெயர். 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஓர் உள்ளங்கை அளவு கடதாசி! அதைத் திரையில் ஒரு கணம் காட்டியிருந்தால், தேயிலைக் கொழுந்தை ஒரு மணி நேரம் காட்டினாலும் விளங்காதது விளங்கியிருக்கும்.

மூன்றாம் மாலையிற் பார்த்த 'லைஃப் அண்ட் டெப்ட்' என்ற படத்துக்கு வருவோம். ஸ்டெஃபனி பிளாக் என்னும் அம்மையார் யமேக்காத் தீவைப்பற்றி எடுத்து 2001ஆம் ஆண்டில் வெளியிட்டது. நாம் பார்த்தவற்றுள் இதுவே சிறந்தது என்பது எமது அபிப்பிராயம். கடன் வாங்கும்போது கையொப்பமிட்ட பிரதமர் மைக்கல் மான்லியே வாய் திறந்து பேசுகிறார். சர்வதேச நாணய நிதியத்தின் ஸ்டான்லி ஃபிஷரையும் பேசவிடுகிறார்கள். எதிராளியையும் கூண்டிலேற்றி விசாரித்திருக்கிறார்கள் என்பதே சட்டம் படித்த எமக்குப் பிடித்தது. சந்தையைத் திற என்ற நிபந்தனை முதலில் வருகிறது. அதன்பின் மானியத்தால் மலிந்த அந்நியப் பால்மா வருகிறது. உள்ளூர் உழவன் கறந்த பாலை நிலத்திலே ஊற்றுகிறான். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அதே கதி. நிபந்தனை என்ற கடதாசிக்கும் ஊற்றிய பாலுக்கும் இடையிலுள்ள படிகளை ஒவ்வொன்றாக ஏறிக் காட்டுகிறது அப்படம்.

பால் நிலத்தில் ஓடியபோது இந்த மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. எமக்கும் 2022ஆம் ஆண்டின் பால்மா வரிசைதான் நினைவுக்கு வந்தது. மாடில்லாத மாகாணமா இது? மேய்ச்சற் தரைகளுக்கு என்ன நேர்ந்தது என்பது பெரிய கதை. இன்றைக்கு அதை விடுவோம். யமேக்காவில் அக்கடனால் உள்ளூரிலேயே கொழுத்தவர் யார் என்பதை அப்படமும் போதுமான அளவு கேட்கவில்லை என்ற குறையை மட்டும் குறித்து வைக்கிறோம். எமது நாட்டில் அக்கேள்வியை உயர் நீதிமன்றம் ஓரளவு கேட்டது. 2023 நவம்பர் 14ஆம் திகதியிட்ட பெரும்பான்மைத் தீர்ப்பில், முன்னாள் ஜனாதிபதிகள் இருவரும், முன்னாள் நிதியமைச்சரும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் மற்றுஞ் சில அதிகாரிகளும் பொருளாதார வீழ்ச்சிக்குக் காரணமாகிப் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என்று மன்று கண்டது. மனுதாரர் நட்டஈடு கோரவில்லை. ஆதலால் வழக்குச் செலவு மாத்திரம் 150,000 ரூபா கட்டளையாயிற்று.

ஒன்றரை இலட்சம். இந்தத் தொகையை மறவாதிருங்கள். ஏனெனில் அதிலும் குறைந்த தொகைக்காகச் சந்திக்கு இழுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதையை இனிச் சொல்லப்போகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கொட்டியாபுரப் பற்றிலிருந்து ஒரு தாய் எம்மிடம் வந்தார். ஊரையும் பெயரையும் கேட்கவேண்டாம். கையில் ஒரு கடன் அட்டை. வியர்வையில் நனைந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. ஒப்பந்தம் அவருக்குத் தெரியாத மொழியில். கணக்கு விளங்குவதற்காக இலக்கங்களை நேராக்கிக் கூறுகிறோம். எழுதிய கடன் 40,000 ரூபா. ஆவணச் செலவு, காப்புறுதி என்று கழித்துக் கையிற் கொடுத்தது 37,500. வாரம் 1,050 வீதம் 52 வாரம் கட்டவேண்டும், மொத்தம் 54,600. வட்டி எவ்வளவு என்று கேட்டோம். முப்பத்தாறு வீதம் என்று சொன்னார்கள் ஐயா என்றார். நாம் கணக்குப் பார்த்தோம். ஆண்டுக்கு ஏறத்தாழ எண்பது வீதம்!

எப்படி என்று அலுவலர்களே கேட்பீர்கள். உழவருக்கு ஒரு வார்த்தையிற் சொல்லலாம். இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தீர்கள். வாரந்தோறும் கொஞ்சங் கொஞ்சமாக நிலத்தைச் சொந்தக்காரனிடம் திருப்பிக் கொடுத்து வருகிறீர்கள். ஆறு மாதத்தில் உங்களிடம் இருப்பது ஒரு ஏக்கர். குத்தகை மட்டும் இரண்டு ஏக்கருக்கும் அளக்கச் சொல்கிறான். சம்மதிப்பீர்களா? அந்தத் தாய் சம்மதித்தார். அட்டையிலே வாரத் தொகை எழுதப்பட்டிருந்ததேயன்றி, மிஞ்சிய முதல் எவ்வளவு என்பதற்கு நிரையே இல்லை. முதற் கடனைக் கட்ட இரண்டாங் கடன், இரண்டாவதைக் கட்ட மூன்றாவது. ஐந்து பெண்கள் ஒருவர்க்கொருவர் பிணை நின்றபடியால், அறவிட வந்தவர் சத்தம் போடவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பக்கத்து வீட்டாரே அவ்வேலையைப் பார்த்தனர். தமிழ்க் கிராமம், முஸ்லிம் கிராமம், சிங்களக் கிராமம் என்ற வேற்றுமையை இக்கடன் பாராட்டவில்லை.

இதைப்பற்றியும் படமுண்டு. 2010ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த ரொம் ஹைனமன் என்ற பத்திரிகையாளர் எடுத்த படம் நோர்வேத் தொலைக்காட்சியில் வந்தது. நுண்கடன் இயக்கம் பிறந்த வங்காள தேசத்து ஜோப்ராக் கிராமத்துக்கே சென்று, கடனைக் கடனால் அடைத்த பெண்களைப் பேசவைத்தார். நல்ல முயற்சி. ஆனால் அதே படத்தில் நோர்வே கொடுத்த உதவிப் பணம் கிராமீன் வங்கியிலிருந்து வேறொரு ஸ்தாபனத்துக்கு மாற்றப்பட்ட பழைய விவகாரமும் வந்தது. முறைகேடு இல்லையென நோர்வே அரசாங்கம் பின்னர் கூறிற்று. உலகப் பத்திரிகைகள் எல்லாம் நோபல் பரிசு பெற்ற யூனுஸ் நல்லவரா கெட்டவரா என்று வழக்காடின. 2011ஆம் ஆண்டில் அவர் வங்கிப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பெண்களின் கடன் அட்டையை எவரும் திறந்து பார்க்கவில்லை. முகத்தைக் காட்டும் படம் கிளப்பும் வாதமும் முகத்தைப்பற்றியதாகவே முடிகிறது.

2018 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தார். வெளிநாட்டுக் கடனும் மனித உரிமையும் என்பதே அவருடைய பொறுப்பு. நாட்டின் கடனை ஆராய வந்தவர் நுண்கடனையும் ஆராய்ந்து, வட்டி 220 வீதம் வரை போகிறது என்றும், அறவிட வருவோரால் பெண்கள் அவமானத்துக்கும் அதற்கு மேலான கொடுமைக்கும் ஆளாகின்றனர் என்றும் கூறிப்போனார். நாட்டின் கடனும் வீட்டின் கடனும் ஒரே அறிக்கையில் வந்தது தற்செயலன்று. அதே ஆண்டில் வரட்சியால் வாடிய 12 மாவட்டங்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன் பெற்றுத் தவணை தவறிய பெண்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. திருகோணமலையும் அதில் ஒன்று. முதலை அரசாங்கம் கொடுக்க, வட்டியைக் கம்பனிகள் விட்டுக்கொடுப்பது என்பதே ஏற்பாடு. அதாவது வீட்டுக் கடன் நாட்டுக் கடனாயிற்று.

நாட்டுக் கடன் வீட்டுக் கடனாவதோ நாள்தோறும் நடப்பது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டது. மண்ணின் நலம் என்றார்கள். டொலர் மிச்சம் என்பதை மெல்லிய குரலிற் சொன்னார்கள். விளைச்சல் விழுந்தது, காப்பு அடகுக்கு ஏறியது. அடுத்த ஆண்டு இந்தியா 65,000 தொன் யூரியாவை 5.5 கோடி டொலர் கடனாகத் தந்தது. அந்த மூடை கமநல சேவை நிலையத்திலிருந்து உங்கள் வரம்புக்கு வந்தபோது, அதன்மேல் 'கடன்' என்று எழுதியிருக்கவில்லை. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அது 18 வீதம். குறைத்தபோது ஆதாயம் பெற்றவரும் உயர்த்தியபோது கட்டுபவரும் ஒருவரேதானா என்பதை உங்கள் சமையலறைக் கணக்கே சொல்லும். 2023ஆம் ஆண்டில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளின் திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதியம் தொடப்பட்டது. புதிய முறிகளை ஏற்காவிட்டால் 14 வீத வரிக்குப் பதில் 30 வீத வரி என்று எழுதினார்கள். மாவாலையிலும் சீமெந்துத் தொழிற்சாலையிலும் கடைகளிலும் வேலை செய்யும் எமது பிள்ளைகளின் முதுமைப் பணம் அது.

வெளிநாட்டுப் பிணைமுறிக்காரரும் 2024 டிசெம்பரில் இணங்கினர். முதலில் 27 வீதம் வெட்டு. நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததிலும் கூட வளர்ந்தால் அந்த வெட்டுக் குறையும் என்றும் எழுதிக்கொண்டார்கள். இணங்காத ஒரு வங்கி, கரீபியன் தீவொன்றிலிருந்து, 2022ஆம் ஆண்டிலேயே நியூயோர்க் மன்றில் வழக்குப் போட்டது; முறிகளுக்கு அந்நாட்டுச் சட்டமே ஆட்சி செய்கிறது. நாம் கூற வருவது இதுவே: நாடு கடன்பட்டால் மேசை போட்டுப் பேசலாம், முதலை வெட்டலாம், வட்டியைக் குறைக்கலாம், தவணையை நீட்டலாம். கொட்டியாபுரத்துத் தாய்க்கு அந்த மேசை எங்கே? காணியை ஈடு வைத்தவருக்கு 1941ஆம் ஆண்டின் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வார அட்டையோடு வந்த தாயிடம் ஈடு வைக்கக் காணியும் இல்லை. அறவிடும் வட்டி முதலை விஞ்சலாகாது என்பது றோமன் டச்சுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. இந்தியாவிலே இந்து சட்டத்திலும் 'தாம்துபட்' என்ற பெயரில் அதே விதி. இரண்டு பழைய நாகரிகங்கள் கலந்து பேசாமலே கண்ட நியாயம் ஒன்றாக இருந்திருக்கிறது. இன்றைய கம்பனிகள் அட்டையைக் கிழித்துப் புது அட்டை எழுதும்போது, நிலுவை வட்டியும் புதிய முதலாகிவிடுகிறது. விதி எங்கே பாயும்?

நேற்றுக் காட்டியது 2011ஆம் ஆண்டின் கிரேக்கப் படமாகிய 'டெப்டோக்கிரசி'. பொதுமக்கள் கொடுத்த பணத்தால் எடுத்து, இலவசமாகவே வெளியிட்டார்கள். எமது கேள்வியைக் கேட்ட படம் அது ஒன்றே: கடதாசியை எடு, கையொப்பத்தைப் பார், பணம் எங்கே போயிற்று என்று கணக்குக் கேள். மக்களின் சம்மதமின்றி, மக்களின் நலனுக்கின்றி, அது தெரிந்தும் கொடுக்கப்பட்ட கடன் மக்களைக் கட்டுப்படுத்தாது என்று 1927ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் சாக் என்ற ருசியச் சட்ட அறிஞர் எழுதிய கோட்பாட்டை அப்படம் தூசி தட்டி எடுக்கிறது. எக்குவடோர் நாடு ஆணைக்குழு வைத்துத் தன் கடன்களை ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டில் சில முறிகளுக்குப் பணம் கொடுக்க மறுத்து, அடுத்த ஆண்டில் அவற்றை டொலருக்கு முப்பத்தைந்து சதமளவில் திருப்பி வாங்கியதையும் காட்டுகிறது. உற்சாகமான கதைதான். ஆனால் எக்குவடோரிடம் எண்ணெய் இருந்தது. 2020ஆம் ஆண்டில் அந்நாடு மீண்டும் கடனை மறுசீரமைக்க நேர்ந்தது. படம் 2011இல் நின்றுவிட்டபடியால் அது அதில் இல்லை. சாக்கின் கோட்பாட்டை எந்த மன்றும் எளிதில் ஏற்பதுமில்லை. இவற்றையும் தெரிந்துகொண்டே கைதட்டவேண்டும்.

இனி இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்களும் ஒரு படம் எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டோம். மகிழ்ச்சி. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு இதே மண்டபத்தில் நாமும் எம்மோடு தொழில் பார்க்கும் இளஞ் சட்டத்தரணிகள் இருவரும் இருப்போம். கடன் அட்டை, அடகுச் சீட்டு, ஈட்டு உறுதி, வங்கிக் கடிதம், எதுவாயினும் தாய்மார்களும் உழவர்களும் கொண்டுவாருங்கள். எந்த மொழியில் இருந்தாலும் தமிழில் வாசித்துச் சொல்வோம். கையில் வந்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, உண்மை வட்டி எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருவோம். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம். கட்டணம் இல்லை. இளைஞர்கள் கமராவோடு வரலாம். எவருடைய முகத்தையும் எடுக்கவேண்டாம். அட்டையை மேசைமேல் விரித்து, வெளிச்சம் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எடுங்கள். பெயர் எழுதிய இடத்தை அந்த அம்மாவே விரலால் மறைத்துக்கொள்ளட்டும்.